எழுப்புதலும் சாட்சியும்: வேதபாடக் குழுவில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

வாரம் ஒருமுறை கூடும் சின்ன வேதபாடக் குழு ஒன்றைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். நான் போதகர் அல்ல, வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனவனும் அல்ல. குழுவில் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அதிலும் முக்கியமான கேள்விகள் பாடத்தின் நடுவே வராது. எல்லோரும் கிளம்பியபின் கதவருகே ஒருவர் தயங்கி நிற்பார் பாருங்கள், அப்போதுதான் வரும். அப்படிக் கேட்டவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"எழுப்புதல், எழுப்புதல் என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். அப்படி என்றால் என்னதான்?"

தூங்குகிறவனைத்தான் எழுப்புவார்கள். அதனால் இந்த வார்த்தை முதலில் விசுவாசிகளைக் குறித்தது. "எங்களைத் திரும்ப உயிர்ப்பிக்கமாட்டீரோ" என்று 85-ஆம் சங்கீதத்தில் கேட்பவர்கள் தேவனை அறியாதவர்கள் அல்ல, அவருடைய ஜனங்களே. வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் எபேசு சபையைப் பாருங்கள். உழைப்பு இருக்கிறது, பொறுமை இருக்கிறது, கள்ளப் போதகர்களைக் கண்டுபிடிக்கும் திறமையும் இருக்கிறது. ஆனாலும் ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டாய் என்று ஒரே ஒரு குறை சொல்லப்படுகிறது. வெளியே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே அடுப்பு அணைந்துவிட்டது.

அந்த அன்புக்கு ஒருவர் திரும்பி வருவது தனிமனிதப் புதுப்பித்தல். அது ஒரு சபையையே பற்றிக்கொண்டு, வெளியே இருப்பவர்களையும் தொடும்போது எழுப்புதல் என்கிறோம். போஸ்டரில் "எழுப்புதல் கூட்டம்" என்று அச்சடித்திருப்பது அந்தக் கூட்டத்தின் பெயர். அங்கே எழுப்புதல் நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

"நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவன். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன். எனக்கு இது எதற்கு?"

மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தார். போதகரின் மகன். 1728-லேயே குருப்பட்டம் பெற்றவர். அட்லாண்டிக் கடந்து ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய்த் தோற்றுத் திரும்பியவர். 1738 மே 24 மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அரைமனதோடு போனார். அங்கே யாரோ ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்கும்போதுதான், கிறிஸ்து தன் பாவங்களையும் நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. பத்து வருடம் பிரசங்கித்த செய்தி அன்றைக்குத்தான் அவருடைய சொந்தச் செய்தியானது.

ஆலயத்துக்குப் போகும் பழக்கம் நல்லது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் கடைசியாக ஒரு வசனம் உங்களைத் தொந்தரவு செய்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லை என்றால் இந்தக் கேள்வி உங்களுக்கும் உரியதுதான்.

"முன்பெல்லாம் ஜெபிக்க உட்கார்ந்தாலே கண்ணீர் வரும். இப்போது ஒன்றுமே இல்லை. கர்த்தர் என்னைவிட்டுப் போய்விட்டாரா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல விசுவாசிகள்தான். மேலே சொன்ன வெஸ்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மே மாத அனுபவத்துக்கு எட்டு மாதம்கூட ஆகாத 1739 ஜனவரியில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்! உணர்வு வரும், போகும். 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றே வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

வறட்சிக்குக் காரணம் எப்போதும் பாவம்தான் என்று சொல்லிவிடக் கூடாது. 1 இராஜாக்கள் 19-இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாவைக் கேட்கிறான். தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை, ஏன் ஜெபிக்கவில்லை என்று கேட்கவும் இல்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறான். இரண்டாம் முறையும் அதேதான். தூக்கமில்லாமல் உழைப்பவர்களும், கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மாரும் இந்த அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் எல்லாமே போய், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அதை ஆவிக்குரிய வறட்சி என்று மட்டும் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

"சரி, அனல் இல்லை என்று தெரிகிறது. எங்கே தொடங்குவது? நாற்பது நாள் உபவாசம் இருக்கலாமா?"

உபவாசம் பிறகு இருக்கட்டும். முதலில், ஜெபிக்க உட்கார்ந்ததும் மனதில் வந்து நிற்கும் ஒரு முகம் இருக்கும். கொடுக்காத கடன், கேட்காத மன்னிப்பு, சொல்லிவிட்டுத் திருத்தாத பொய். அதில் கைவையுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது (மத்தேயு 5) வரிசையைத்தான். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு என்ன செய்தான்? பாட்டுப் பாடவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான்.

1930-களில் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் பரவிய கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதலின் அடையாளமே இதுதான். திருடிய பொருட்களைத் திருப்பிக் கொடுத்தார்கள், பகையாளிகள் ஒருவரிடம் ஒருவர் அறிக்கையிட்டார்கள். வெளிச்சத்தில் நடப்பது என்று அதைச் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஒருவர் நாற்பது நாள் திட்டத்தோடு வந்தார். கடைசியில் அவர் செய்தது தம்பிக்கு ஒரு போன். பேசியது நான்கு நிமிடம், எண்ணை அழுத்தத் தைரியம் வர எடுத்தது மூன்று வாரம்.

அப்புறம் ஜெபமும் வாசிப்பும். ஒரு மணி நேரம் என்று சபதம் போட்டு மூன்றாம் நாள் விடுவதைவிட, பத்து நிமிடம் மாதக்கணக்கில் நிற்பது மேல். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், பதினாறு அதிகாரம்தான்.

"கூட்டங்களில் அழுகிறார்கள், நடுங்குகிறார்கள், விழுகிறார்கள். அதெல்லாம் உண்மையா?"

சிலருக்கு உண்மை, சிலருக்குப் பழக்கம், சிலருக்குப் பக்கத்தில் நிற்பவரின் தொற்று. அந்த நிமிடத்தில் வெளியே நின்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் நடந்த எழுப்புதலை நேரில் பார்த்த போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1741-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். உடலில் தெரியும் விளைவுகள் ஆவியானவருடைய செயல் என்பதற்கும் சான்று அல்ல, அல்ல என்பதற்கும் சான்று அல்ல. கிறிஸ்துவின் மேல் மதிப்பு கூடியதா, பாவத்தின் மேல் பிரியம் குறைந்ததா, வேதத்தின் மேல் பசி வந்ததா, அன்பு வந்ததா என்று பார்க்கச் சொன்னார்.

என் அளவுகோல் இன்னும் சின்னது. திங்கட்கிழமை காலையில் வீட்டில் எப்படிப் பேசுகிறார் என்று அவருடைய பிள்ளைகளைக் கேட்டால் தெரிந்துவிடும்.

"எழுப்புதலை நாமே திட்டம் போட்டுக் கொண்டுவர முடியுமா?"

இது பழைய சண்டை. எட்வர்ட்ஸ் அதைத் தேவனுடைய ஆச்சரியமான கிரியை என்றார். நூறு வருடம் கழித்து அமெரிக்கப் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னி, விவசாயி விதைத்து அறுப்பதுபோல உரிய வழிகளைக் கையாண்டால் எழுப்புதல் வரும் என்றார். எனக்கு எட்வர்ட்ஸ் பக்கமே சரியாகப் படுகிறது. ஆனால் விதைக்காமல் மழைக்குக் காத்திருப்பதும் சோம்பல்தான்.

1857 செப்டம்பர் 23, நியூயார்க். ஜெரமையா லான்ஃபியர் என்பவர் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சபைப் பணிக்கு வந்தவர். ஃபுல்டன் தெருவில் மதியம் 12 மணிக்கு, வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு மணி நேர ஜெபக்கூட்டம் அறிவித்திருந்தார். 12 அடித்தது, யாரும் வரவில்லை. அரை மணி நேரம் அவர் மட்டும் அறையில் இருந்தார். 12:30-க்குப் படியில் ஒரு காலடிச் சத்தம். கடைசியில் ஆறு பேர். அடுத்த வாரம் இருபது. அக்டோபரில் வங்கிகள் முடங்கி வியாபாரம் சரிந்தது, கூட்டம் தினசரிக் கூட்டமாகியது. ஆறு மாதத்துக்குள் நகரமெங்கும் ஆயிரக்கணக்கானோர் மதிய வேளையில் ஜெபித்தார்கள். ஒருவர் ஐந்து நிமிடத்துக்குமேல் ஜெபிக்கக் கூடாது என்பது அங்கே விதி. (இந்த விதியை நம் ஜெபக்கூட்டங்களிலும் வைத்தால் பாதிப் பேர் நன்றி சொல்வார்கள்.) லான்ஃபியர் திட்டமிட்டது ஒரு மணி நேரத்தையும் ஒரு அறையையும். மற்றது அவர் கையில் இல்லை.

"எனக்கு உள்ளே அனல் வந்தால் போதாதா? மற்றவர்களிடம் ஏன் சொல்ல வேண்டும்?"

ஹெர்ன்ஹூட் என்ற சின்னக் குடியிருப்பின் கதை இதற்குப் பதில். ஜெர்மனியின் சாக்சனியில், சின்சென்டோர்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722 முதல், விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டுத் தப்பி வந்த மொராவிய அகதிகள் குடியேறினார்கள். ஐந்து வருடத்தில் உபதேசச் சண்டை போட்டு உடையும் நிலைக்கு வந்துவிட்டார்கள். 1727-இல் உட்கார்ந்து பேசிச் சமாதானமானார்கள். ஆகஸ்ட் 13-ஆம் தேதி திருவிருந்தில் எல்லோர் உள்ளமும் உடைந்தது. அதே மாதம் மணிக்கு மணி ஆள் மாற்றி இரவும் பகலும் ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி நூறு வருடத்துக்குமேல் தொடர்ந்தது.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல ஜெபக்குழுவாக முடிந்திருக்கும். 1732-இல் அவர்களில் இருவர், ஒருவர் குயவர், மற்றவர் தச்சர், கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் அடிமைகளாக இருந்தவர்களுக்கு நற்செய்தி சொல்லக் கப்பல் ஏறினார்கள். ஒப்புரவு, ஜெபம், அப்புறம் வெளியே போவது. வரிசை, எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு மேலே சொன்னதுதான். நிரம்பியது வழிந்தது, அவ்வளவே.

"சாட்சி சொல்வது ஊழியக்காரர்கள் வேலைதானே? எனக்கு அந்த வரம் இல்லை."

சுவிசேஷகர் என்ற தனி வரம் உண்டு, எபேசியர் 4 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஐ மெதுவாக வாசியுங்கள். துன்பம் வந்தபோது அப்போஸ்தலர் எருசலேமிலேயே இருக்கிறார்கள். சிதறிப்போனவர்கள்தான் எங்கும் திரிந்து வசனத்தைச் சொன்னார்கள். அந்தியோகியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசியவர்கள் பெயர்கூட எழுதப்படவில்லை, சீப்புருவிலிருந்தும் சிரேனேயிலிருந்தும் வந்த சிலர், அவ்வளவுதான். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயரே முதலில் அந்த ஊரில்தான் வந்தது.

அந்திரேயா பெரிய பிரசங்கம் செய்ததாக வேதத்தில் இல்லை. தன் அண்ணன் தம்பி உறவில் ஒருவனாகிய சீமோன் பேதுருவைத் தேடிப்போய், இயேசுவினிடத்தில் கூட்டிக்கொண்டு வந்தான். பிரசங்கம் பிறகு பேதுரு செய்தான்.

"எனக்குப் பேசத் தெரியாது. என்னதான் சொல்வது?"

நடந்ததைச் சொல்லுங்கள். யோவான் 9-இல் இயேசுவால் பார்வை பெற்ற பிறவிக் குருடனிடம் பரிசேயர் தர்க்கம் கேட்கிறார்கள். அவன் சொன்னது, எனக்கு ஒன்று தெரியும், நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன். அதை யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

ஒரே எச்சரிக்கை, சபை மொழி. "பாவச்சேற்றிலிருந்து தூக்கியெடுத்து இரத்தத்தினால் கழுவி அபிஷேகித்தார்" என்று ஆரம்பித்தால், சபைக்கு வெளியே இருப்பவருக்கு இரத்தம் என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழும். எங்கள் குழுவில் ஒரு பெண் சாட்சியை மூன்று முறை எழுதிப் பார்த்தார். முதல் முறை அதில் பன்னிரண்டு வசனம் இருந்தது. மூன்றாம் முறை இப்படி இருந்தது: "என் மாமியார் இறந்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவு வெறுப்பு. இயேசு தன்னை அறைந்தவர்களுக்காக ஜெபித்த இடத்தை வாசித்த அன்று, அவர்களுடைய பழைய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்." இதைக் கேட்டவர் யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

"கைப்பிரதி கொடுத்துவிட்டால் போதாதா?"

நற்செய்தி அச்சடித்த அந்தச் சின்னத் தாளால் விசுவாசத்துக்கு வந்தவர்கள் உண்டு, அதனால் கேலி செய்யமாட்டேன். என் கதையைச் சொல்கிறேன். புதிதாக அனல் பிடித்திருந்த நாட்கள். ஒரு மருத்துவமனையில், அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நீள இருக்கையில் காத்திருந்த ஒருவரிடம் கைப்பிரதி நீட்டினேன். வாங்கிக்கொண்டார். நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். கண் மட்டும் கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கிலேயே இருந்தது. நான் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டேன். திரும்பி வரும்போது அவர் இல்லை. இருக்கையில் அந்தத் தாள் கட்டைவிரல் நகம் அளவுக்கு மடிந்து கிடந்தது.

உள்ளே படுத்திருந்தது யார் என்று நான் கேட்கவேயில்லை. கையில் இருந்த கட்டைத் தீர்ப்பதுதான் அன்று எனக்கு முக்கியமாக இருந்தது. கொடுங்கள், ஆனால் பக்கத்தில் உட்கார நேரம் இருக்கும்போது கொடுங்கள்.

"மதம் மாற்றப் பார்க்கிறாயா என்று நண்பர் கேட்டுவிட்டார். என்ன சொல்ல?"

ஒளிக்காமல் சொல்லுங்கள்: "எனக்குக் கிடைத்தது உனக்கும் கிடைத்தால் சந்தோஷப்படுவேன். கிடைக்காவிட்டாலும் நீ என் நண்பன்தான்." இரண்டாவது வாக்கியம் உங்கள் மனதில் உண்மையாக இல்லையென்றால் முதல் வாக்கியத்தைச் சொல்லாதீர்கள்.

பணம், வேலை, மருத்துவம், பயம் இவற்றைக் காட்டி விசுவாசத்தை வரவழைக்க முடியாது. வருவது விசுவாசமும் அல்ல. இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. 2011-இல் உலகத் திருச்சபைகள் மன்றம், கத்தோலிக்கத் திருச்சபையின் பல்சமய உரையாடல் மன்றம், உலக எவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து சாட்சி சொல்வது பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. பண ஆசை காட்டுவதும் மற்றவருடைய ஏழ்மையைப் பயன்படுத்திக்கொள்வதும் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பேதுருவும் பதில் சொல்லும் விதத்தைக் குறிப்பிடும்போது சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்றுதான் எழுதினார். அடுத்தவர் வணங்குவதைப் பழித்துப் பேசித் தொடங்கும் சாட்சி எதுவும் இந்த வசனத்தில் அடங்காது.

"அவர் கேட்கும் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாவிட்டால்?"

தெரியாது என்று சொல்லுங்கள். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்னால், கட்டாயம் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாவதில்தான் பலர் கோட்டைவிடுகிறோம்.

"வெளியில் எல்லோரிடமும் பேசுகிறேன். வீட்டில் என் கணவரே கேட்கமாட்டேன் என்கிறார்."

இயேசுவின் சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7-இல் இருக்கிறது. அதே வீட்டில் வளர்ந்தவர்கள்! அவர்களில் யாக்கோபு உயிர்த்தெழுந்த கர்த்தரைக் கண்டபின்தான் மாறினார். வீட்டாருக்கு நம் வார்த்தைகள் போதுமான அளவு கிடைத்துவிட்டன. 1 பேதுரு 3 மனைவிகளிடம் போதனையின்றியே என்று சொல்வது இதனால்தான். அவருக்குக் கேட்கும்படி சத்தமாக அவருக்காக ஜெபிப்பது, சாப்பாட்டுத் தட்டு அருகே வசனம் ஒட்டுவது, இதையெல்லாம் நிறுத்துங்கள். ஜெபத்தை நிறுத்த வேண்டாம்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடி உதையைத் தாங்கிக்கொள் என்று இந்த வசனம் சொல்லவில்லை. அடி இருக்கும் வீட்டில் முதல் தேவை பாதுகாப்பு.

"நானே இன்னும் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறேன். எந்த முகத்தோடு சாட்சி சொல்வது?"

விழுந்து எழுகிறவர் சொல்லலாம். விழுந்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டு, வெளியே வெள்ளை உடுப்போடு நிற்கிறவர் சொல்லக் கூடாது. மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம்தான் என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று சொல்லப்பட்டது. அதற்குமுன் கரிநெருப்பின் அருகே மூன்று முறை ஒரே கேள்வி கேட்கப்பட்டது. வலித்திருக்கும். உங்கள் பாவத்தால் இன்றைக்கும் ஒருவர் காயப்பட்டுக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், நான்காவது கேள்விக்கான பதிலைத் திரும்ப வாசியுங்கள்.

"ஊழிய வைராக்கியத்தில் வீடு, உடம்பு எதையும் பார்க்காமல் ஓடுவது சரியா?"

ஈவான் ராபர்ட்ஸ் 1904-இல் வேல்ஸ் எழுப்புதலின் முகமாக இருந்தார். சுரங்கத்தில் வேலை செய்தவர், அப்போது வயது 26. தூக்கம், ஓய்வு இல்லாமல் மாதக்கணக்கில் கூட்டங்கள். 1906-இல் உடலும் மனமும் நொறுங்கின. பிறகு 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒதுங்கியே வாழ்ந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அவரைச் சுற்றியிருந்த யாராவது விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்லியிருக்கலாம். எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்த தூதன் ஞாபகம் இருக்கிறதா?

"பல வருடமாக ஒருவருக்காக ஜெபிக்கிறேன். ஒரு அசைவும் இல்லை."

ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்துக்கு வந்தார். முதல் விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். இடையில் ஏழு வருடம், ஒரு மகனின் கல்லறை, மனைவியின் மனநோய். இந்தக் கதையைச் சொன்னால் சிலர் "அப்படியென்றால் எனக்கும் ஏழு வருடமா" என்று கேட்கிறார்கள். இல்லை. நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்று பவுல் எழுதினபடி விளைச்சல் நம் கணக்கில் இல்லை. நட்ட செடிக்கு வேர் விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்க்காமல் இருப்பது நம் கணக்கில் இருக்கிறது.

"'இப்போது ஜெபிக்கலாமா' என்று எப்போது கேட்பது? அவசரப்பட்டுவிடுவேனோ என்று பயம்."

பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தோடு ஓடினான். முதலில் பேசியது ஒரு கேள்வி, வாசிக்கிறது புரிகிறதா என்று. ஏறி உட்காரும்படி அழைத்தது அந்த மந்திரி. தண்ணீரைக் கண்டு, ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று கேட்டதும் அந்த மந்திரிதான். பிலிப்பு ஓடிய வேகம் குறைவல்ல, ஆனால் கதவைத் திறந்தது இன்னொருவர்.

எங்கள் குழுவுக்கு ஒரு அக்கா இரண்டு வருடம் வந்துகொண்டிருந்தார். கடைசி நாற்காலி, ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒருமுறைகூட நாங்களும் நெருக்கிக் கேட்கவில்லை. ஒரு நாள் எல்லோரும் கிளம்பியபின் நாற்காலிகளை அடுக்க உதவிக்கொண்டே கேட்டார்: "நீங்கள் ஜெபிக்கும்போது முதலில் கண்ணை மூடுவீர்களா, இல்லை முதலில் பேச ஆரம்பிப்பீர்களா?" அடுக்கிய நாற்காலிகளில் இரண்டைத் திரும்ப எடுத்துப் போட்டோம்.